ஃபிர்ஸேயின் நாலாவது சுற்று

புனேயில் மதியம் ஒரு மணிக்கு மேல், நாலு மணிக்குள், கடைக்காரர் கையால் பாக்கர்வடி என்கிற காரச் சுருளை வாங்கிய ஒரே மனிதப் பிறவி எங்கள் ஃபிர்ஸேதான். இந்த ஊர்க்காரர்களுக்கு இதன் பெருமை புரியும். தூக்கத்துக்காக ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட புனே கடைக்காரர், முதலமைச்சரே வந்து நின்றாலும் நாலு மணிக்கு வரச் சொல்வார்.

ஃபிர்ஸே போய் நின்று அரைக்கிலோ கேட்டார். "துகான் பந்த் ஆஹே" என்று பதில் வந்தது. கடை மூடியாச்சாம். பத்து நிமிஷம் கழித்து மறுபடி போனார். அதே அரைக்கிலோ, அதே சிரிப்பு, குரலில் ஒரு துளி கோபம் கிடையாது. மூன்றாவது தடவை உள்ளே ஏதோ உருண்டு விழுந்தது. நாலாவது தடவை ஷட்டருக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் பொட்டலத்தோடு நீண்டது. "கே பாபா, கே! பண் பரத் யேஊ நகோஸ்!" வாங்கிக்கொண்டு தொலை, மறுபடி மட்டும் வராதே என்று அர்த்தம்.

ஃபிர்ஸே என்றால் ஹிந்தியில் 'மறுபடியும்'. புனேக்குப் பக்கத்து ஆகுர்டியில் எங்கள் அலுவலகத்தில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். பொள்ளாச்சிக்காரர். என் வயதுதான் இருக்கும். ஆனாலும் என்னை 'அம்மணி' என்பார். நான் மதுரைக்காரி. எனக்கு எதையும் இரண்டாவது தடவை கேட்டாலே மூக்குக்கு மேல் கோபம் வரும். நிர்வாகம் பார்த்துப் பார்த்து எங்கள் மேசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தது.

அம்மோனியா ஆலைகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. நான் வரைவேன், ஃபிர்ஸே சரிபார்ப்பார். அவருடைய வாழ்க்கைத் தத்துவமே அந்த அம்மோனியாவிலிருந்து வந்ததுதான். ஹைட்ரஜனையும் நைட்ரஜனையும் சேர்த்து அனுப்பினால் ஒரு சுற்றில் கால் பங்கு அம்மோனியாவாக மாறினாலே பெரிய விஷயம். மாறியதைக் குளிரவைத்து எடுத்துக்கொண்டு மிச்சத்தை மறுபடி சுற்றுக்கு அனுப்ப வேண்டும்.

"வாயுவே ஒரே தடவைல கேக்கறதில்லீங்க, மனுஷன் எப்படிங்க கேப்பான்?" என்பார்.

அதனால் திங்கட்கிழமை சொன்ன ஜோக்குக்கு யாரெல்லாம் சிரிக்கவில்லையோ, அவர்களைத் தேடிப்போய்ச் செவ்வாய்க்கிழமை அதையே சொல்வார். எங்கள் மேலாளர் ஒரு தடவை வியாழக்கிழமை சிரித்தார். மறுக்கப்பட்ட விடுப்புக் கடிதத்தை ஒரு எழுத்து மாற்றாமல் மறுபடி மறுபடி வைத்து, கடைசியில் தங்கையின் வளைகாப்புக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

இப்படியிருக்க, கொங்கணக் கடலோரத்தில் ஒரு உர ஆலை வேலை வந்தது. சுற்றிச் சுற்றி வரும் வாயுவில் மீத்தேன், ஆர்கான் என்று சில உதவாக்கரைகளும் சேர்ந்துகொள்ளும். எதோடும் சேராது, இடத்தை மட்டும் அடைக்கும். அவற்றை வெளியே விட்டால் கூடவே நல்ல ஹைட்ரஜனும் ஓடிவிடும். அந்த ஹைட்ரஜனை மட்டும் ஒரு சவ்வு வழியாகப் பிரித்து மீட்கிற கருவியை நாங்கள் போட வேண்டும். சவ்வுக்கு ஈரம் ஆகாது. ஆகவே வாயுவிலிருக்கும் ஈரம் தண்ணீராகிவிடாதபடி ஹீட்டரில் சூடாக்கி, சூடு ஆறாமல் அனுப்ப வேண்டும்.

ஃபிர்ஸே என் மேசைக்கு வந்தார். "ஏனுங் அம்மணி, ஹீட்டர்லிருந்து சவ்வு வரைக்கும் பைப்புக்குப் போர்வை போட்டாச்சுங்களா?"

சூடு ஆறாமலிருக்கக் குழாயைச் சுற்றும் கம்பளத்தைத்தான் அவர் போர்வை என்பார். "போட்டாச்சு" என்றேன். டீ வேளையில் மறுபடி கேட்டார். சாயங்காலம் கேட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"போட்டாச்சு, போட்டாச்சு, போட்டாச்சு! இன்னொரு தடவ கேட்டீங்க, இந்த மேசைப் பக்கமே வரக்கூடாது, ஆமா!"

முகம் சுண்டிப்போய், "செரிங்க" என்று போய்விட்டார். நாலாவது தடவை கேட்கவில்லை. அவர் சரித்திரத்திலேயே முதல் முறை. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ஜூலையில் சோதனை ஓட்டம். எங்கள் அலுவலகத்திலிருந்து ஆலைக்குப் போனது நான் மட்டும். வானம் பொத்துக்கொண்டு ஊற்ற, மீட்கிற ஹைட்ரஜன் நாளுக்கு நாள் இறங்கியது. ஹீட்டர் வாசலில் சூடு சரியாகவே காட்டியது. சவ்வு மட்டும் ஈரமாகிப் படுத்துவிட்டது. மூன்றாம் நாள் மேலாளர் போனில் பேசினார். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகணும். இல்லேன்னா வரைஞ்சவங்க புனேக்குத் திரும்பி வரவே வேண்டாம்."

வரைந்தவள் நான்தான்.

மறுநாள் காலை, விஷயம் கேள்விப்பட்டு ஃபிர்ஸே பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு கையில் குடை, மறுகையில் பாக்கர்வடி. நேரே ஹீட்டரைத் தாண்டிப் போய், கொட்டுகிற மழையில் அம்மணமாகக் கிடந்த குழாய்க்குக் குடையைப் பிடித்தார். தான் தொப்பலாக நனைந்துகொண்டு கேட்டார்.

"ஏனுங் அம்மணி, போர்வை போட்டாச்சுங்களா?"

நாலாவது தடவை! தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. வரைபடத்தில் ஹீட்டர் வரைக்கும்தான் போட்டிருந்தேன். மிச்சத்தைப் போட்டதாக மனசுக்குள் நினைத்துக்கொண்டிருக்கிறேன். 'அன்னிக்கே கேட்டேனே' என்று அந்த மனிதர் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஆலை அதிகாரி மராட்டிக்காரர். எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, ஹிந்தியில் "யே கிஸ்கி கல்தி ஹை?" என்று மேசையைத் தட்டினார். யார் தப்பு?

ஃபிர்ஸே எழுந்தார். "சரிபார்த்தது நான். நாலு தடவை கேட்டிருக்கணும், மூணோட விட்டுட்டேன்."

அதிகாரிக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. உட்கார்ந்திருக்க முடியவில்லை. "அவரில்ல சார், என் தப்பு. கேட்டவரை வாயை மூட வெச்சதும் நான்தான்" என்றேன்.

சவ்வை உலர்த்திக் குழாய்க்குப் போர்வை சுற்ற, ஒரு நாள் அந்த வாயுவை நிறுத்த வேண்டும். அதிகாரி முடியாது என்றார். ஃபிர்ஸே சிரித்த முகமாக வெளியே போய், பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து அதையே கேட்டார். நான் சன்னலைப் பார்த்துக்கொண்டு பாக்கர்வடியைக் கடித்தேன். நாலாவது தடவை அதிகாரி கையெடுத்துக் கும்பிட்டு, "லே லோ பாபா! ஃபிர் ஸே மத் பூச்னா!" என்றார். எடுத்துக்கோப்பா, மறுபடி மட்டும் கேட்காதே என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை மழையும் நிற்கவில்லை, ஹைட்ரஜனும் இறங்கவில்லை. என் நாற்காலி எனக்கே இருந்தது. 'இனி வரைபவரும் சரிபார்ப்பவரும் கையெழுத்துப் போட வேண்டும்' என்று மேலாளர் ஒரு சுற்றறிக்கை விட்டார். ஃபிர்ஸே அதைப் படித்துவிட்டு, "எத்தனை கையெழுத்துங்க?" என்று கேட்டார். எத்தனை தடவை கேட்டார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அவர் வளைகுடாவில் ஏதோ ஒரு ஆலையில் யார் உயிரையோ வாங்கிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன். "ஏனுங் அம்மணி, நல்லா இருக்கீங்களா?" என்பார். இருக்கேன் என்பேன். நடுவில் வேறு பேசிவிட்டு மறுபடி அதையே கேட்பார். அப்புறம் மறுபடி. நானும் வழக்கம்போல எரிந்து விழுவேன்.

போன ஞாயிறு அங்கே ஏதோ அவசரம். மூன்றாவது தடவை கேட்டதோடு, "வெச்சர்றனுங்க" என்றார்.

"இருங்க, இருங்க" என்றேன். "இன்னொரு தடவ கேக்கணும்ல?"