ஒரு ஃபீட்பேக்குக்காக நடந்தேன்

அந்த நடை மெஷினை வீட்டைவிட்டு வெளியேற்றுவது என்று நான் தீர்மானித்தபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. என் தொப்பைக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தது. 'நடந்துகொண்டிருந்தது' என்பது பேச்சுக்குத்தான். நடக்காததால்தான் அது வளர்ந்தது.

மெஷினை அனுப்பிய புண்ணியவான் என் மச்சான் மொஹ்சின். ஷார்ஜாவில் இருக்கிறான். ஊரில் எல்லார் மச்சானும் சென்ட் பாட்டில் அனுப்புவான், பாதாம் பருப்பு அனுப்புவான். இவன் மட்டும் சென்னைக் கடை ஒன்றில் பணத்தைக் கட்டி, ஓடுகிற மெஷினை எங்கள் கீழ்க்கட்டளை வீட்டு ஹாலில் இறக்க வைத்தான். கூடவே போனில் ஒரு வாழ்த்து.

"மச்சான், எங்க அக்காவுக்கு நீங்க ரொம்ப நாள் வேணும். ஏறி நடங்க."

அவன் அக்காதான் என் மனைவி சபீஹா. அன்றிலிருந்து விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்து வந்தால் எனக்கு டீ கிடையாது.

"முதல்ல ஏறுங்க. அப்புறம் டீ."

ஏறினேன். ஒரு வாரத்தில் ஒரு பேருண்மையைக் கண்டுபிடித்தேன். மேலே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மெஷின் ஒரே மாதிரிதான் சத்தம் போடும். சபீஹா இருப்பது சமையலறையில். அவளுக்குக் கேட்பது சத்தம்தானே? பட்டனைத் தட்டிவிட்டுப் பக்கத்து சோபாவில் சாய்ந்து பேப்பர் படிப்பேன். நடுநடுவே மூச்சு வாங்குகிற சத்தத்தை மட்டும் நான் கொடுப்பேன். கூட்டு முயற்சி.

ஒரு நாள் மூச்சுக்குப் பதிலாகக் குறட்டை வந்துவிட்டது.

"குறட்டை விட்டுகிட்டே நடக்கறவரை உலகத்துலயே இப்பதாங்க பாக்கறேன்" என்றாள் சபீஹா, கையில் கரண்டியோடு. மறுநாளிலிருந்து காய் நறுக்குகிற பலகையை எடுத்துக்கொண்டு மெஷின் முன்னாலேயே உட்கார ஆரம்பித்தாள். வெண்டைக்காயைப் பார்த்து நறுக்குவதில்லை. என்னைப் பார்த்து நறுக்கினாள்.

அப்போதுதான் தீர்மானித்தேன். ஒன்று அது இருக்க வேண்டும், அல்லது நான்.

அந்தச் சமயம் கம்ப்யூட்டரில் பழைய சாமான்களை ஏலம் விடுகிற சைட் ஒன்றில் நான் மூழ்கியிருந்தேன். கீழ்க்கட்டளையில் எனக்கு ஹார்ட்வேர் கடை. வருஷக்கணக்காக ஆணி விற்கிறேன். 'பாய், ஆணி அருமை' என்று ஒருத்தர் வந்து சொன்னதில்லை. இந்த சைட்டிலோ பழைய கேமரா ஒன்றை விற்றேன், முகம் தெரியாத கோயம்புத்தூர்க்காரர் 'தங்கமான விற்பனையாளர்' என்று எழுதிவிட்டார்! அதற்குப் பெயர்தான் ஃபீட்பேக். வாங்கினவர் விற்றவரைப் பற்றி எழுதலாம், விற்றவர் வாங்கினவரைப் பற்றி எழுதலாம். நல்லதாகக் கொஞ்சம் சேர்ந்தால் நம் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் நட்சத்திரம் வரும். கிபாயத்துல்லா என்ற என் பெயருக்குப் பக்கத்தில் அது வர ஒரே ஒரு ஃபீட்பேக்தான் பாக்கி.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய். மெஷினும் போகும், நட்சத்திரமும் வரும்.

'அதிகம் பயன்படுத்தாதது' என்று எழுதி ஏலத்தில் போட்டேன். விளம்பரத்தில் இவ்வளவு உண்மையை நான் எழுதியதே இல்லை. பெருங்களத்தூர் ஃபிளாட்டில் இருக்கும் சுந்தரராமன் என்பவர் எடுத்தார். ஆடிட் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். சபீஹா பல்லாவரத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து, குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பினேன்.

சாயங்காலம் வந்தவள் ஹாலைப் பார்த்தாள்.

"மெஷின் எங்கங்க?"

"மோட்டார் புகைஞ்சிடுச்சு சபீஹா. திருமுடிவாக்கத்துல நம்ம துரைராஜ் பட்டறை இருக்குல்ல, அங்க அனுப்பியிருக்கேன். ஸ்பேர் பார்ட் தைவான்லேர்ந்து வரணுமாம்."

"அய்யோ பாவம்" என்றாள். "ரொம்ப உழைச்சிடுச்சு போல."

அவ்வளவுதான். வேறு கேள்வி இல்லை. மறுநாள் தொழுதுவிட்டு வந்ததும் டீ வந்தது. சொர்க்கம் என்பது சர்க்கரை போட்ட டீ என்று தெரிந்தது.

அதோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். நட்சத்திரம் விடவில்லை.

சுந்தரராமன் சார் ஃபீட்பேக் போடவே இல்லை. 'அன்பான நினைவூட்டல்' என்று மெயில் போட்டேன். பதில் இல்லை. மறுபடி 'நினைவூட்டல்' என்று போட்டேன். அன்பு குறைந்துவிட்டது. அப்புறம் போனே செய்தேன்.

"சார், மெஷின் நல்லா இருக்கா?"

"இருக்கு. ஹால்ல இருக்கு."

"ஃபீட்பேக் போடலையே சார்?"

"இன்னும் ஏறவே இல்லையே, எப்படிப் போடறது? நீங்க எனக்குப் போட்டேளா?"

"வாங்கினவர்தானே சார் முதல்ல போடணும்?"

"அதெப்படி? நான் பணத்தைக் கொடுத்தாச்சு. என் பங்கு முடிஞ்சுது. விக்கறவர்தான் முதல்ல."

"நீங்க போடுங்க, நான் உடனே போடறேன் சார்."

"நீங்க போடுங்கோ, நான் யோசிக்கறேன்."

தாம்பரம் ஸ்டேஷனில் 'நீங்க ஏறுங்க, நீங்க ஏறுங்க' என்று மரியாதை காட்டி இரண்டு பேருமே ரயிலைக் கோட்டைவிட்ட கதை. மறுநாளும் போன் செய்தேன். அதற்கு மறுநாளும். செல்போனில் கிடைக்காவிட்டால் கூப்பிடட்டும் என்று வீட்டு நம்பரையும் மெயிலில் எழுதிவைத்தேன். புத்தி!

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பெருமூச்சு விடுவதை சபீஹா பார்த்தாள்.

"என்னங்க, யாருக்கு என்ன ஆச்சு?"

"பழைய டேப் ரிக்கார்டர் ஒண்ணு வித்தேன். வாங்கின ஆள் ஃபீட்பேக் போட மாட்டேங்கறார். போட்டா நட்சத்திரம் வரும்."

"நம்மள்ல நட்சத்திரம் பாக்கற வழக்கம் இல்லையே."

"இது வேற. கேட்டுகிட்டே இருக்கேன், மனுஷன் அசைய மாட்டேங்கறார்."

"கேட்டுகிட்டே இருந்தா யாருங்க போடுவாங்க? விருந்துக்குக் கூப்பிட்டு, முதல் வாய் வைக்கறதுக்குள்ள 'பிரியாணி எப்படி, பிரியாணி எப்படி'ன்னா விருந்தாளி எழுந்து ஓடிட மாட்டானா? ஒரு தடவை கேக்கணும். அப்புறம் வாயை மூடிகிட்டு நம்ம வேலையைப் பாக்கணும். கேட்டு வாங்கற பாராட்டும், பிச்சுத் தின்ற காயும் பழுக்காது."

"உனக்குத் தெரியாது. இதுக்குப் பேரு ஃபீட்பேக்."

"எனக்கா தெரியாது? கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் ஃபீட் பண்றேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு பேக்கும் வரல."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் இன்னொரு மெயில் போட்டேன்.

அந்த வாரமே பதில் வந்தது. பதிலா, ஆடிட் அறிக்கையா என்று தெரியவில்லை. 'ஐயா, மெஷினின் தாங்கும் திறனை நேரில் சோதிக்காமல் கருத்துச் சொல்வது என் மனச்சாட்சிக்கு விரோதம். எனக்குத் தனியாக ஏறப் பயம். தாங்களே வந்து நடந்துகாட்டினால் நேர்மையாக எழுதலாம். வராவிட்டாலும் நேர்மையாகவே எழுதுவேன்.'

கடைசி வரியை மட்டும் மறுபடி மறுபடி படித்தேன். நல்லது எழுதினால் மஞ்சள் நட்சத்திரம். கெட்டது எழுதினால் சிவப்பில் வரும், சாகும்வரை நிற்கும்.

"சபீஹா, நாளைக்குக் கடைக்கு லோடு வருது. விடியக்காலையிலேயே போகணும்."

"போயிட்டு வாங்க. லோடு இறக்கினா வேர்க்கும். துண்டு எடுத்துக்குங்க." துண்டோடு தண்ணீர் பாட்டிலும் தந்தாள். எவ்வளவு நல்லவள் என்று நினைத்தேன். ஏமாற்றுகிறோமே என்று கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

பெருங்களத்தூர் போனேன். சுந்தரராமன் சார் என் பழைய மெஷினுக்கு எதிரே நாற்காலி போட்டு, காபி டம்ளரோடு தயாராக உட்கார்ந்திருந்தார்.

"வாங்கோ பாய். ஏறுங்கோ."

ஏறினேன். ஐந்து நிமிஷம் நடந்து காட்டி இறங்கப் போனேன்.

"இருங்கோ. மோட்டார் சூடாகறதான்னு பாக்கணும்."

சூடானது நான்தான். அன்று அரை மணி நடந்தேன். இறங்கி, துண்டைப் பிழிந்துகொண்டே கேட்டேன். "எழுதிடலாமா சார்?"

"ஒரு நாள் சாம்பிளை வச்சு எழுதலாமா? நாளைக்கு வேகத்தைக் கூட்டிப் பாப்போம்."

மறுநாள் வேகம். அடுத்த நாள் ஏற்றம். மெஷின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அப்புறம் கைப்பிடி இல்லாமல். அப்புறம் பெல்ட் தேய்மானம். ஒவ்வொரு நாளும் மனுஷனுக்குப் புதிதாக ஒரு சந்தேகம் வந்தது. நான் நடக்க நடக்க, அவர் பேப்பர் படித்தார். அதுவும் என் ஸ்டைலில், காலை நீட்டிக்கொண்டு. வயிறு எரிந்தது. அங்கே எரிவதற்கு நிறைய இருந்ததால் தொடர்ந்து எரிந்தது.

ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் ஊர்ந்து வீடு வந்தால் சபீஹா வாசலிலேயே கேட்பாள்.

"வியாபாரம் எப்படிங்க?"

"நடக்குது."

"நல்லா நடக்கட்டும். இன்ஷா அல்லாஹ், இன்னும் வேகமா நடக்கட்டும்."

நோன்புப் பெருநாளுக்குத் தைத்த பேன்ட் இடுப்பில் நிற்க மறுத்தது. கடையில் குனிந்து ஆணி எடுத்தேன், மூச்சு முட்டவில்லை. வாடிக்கையாளர் ஒருத்தர், "பாய், சுகரா?" என்று கவலையோடு விசாரித்தார். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். நட்சத்திரத்துக்காக.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால், வந்திருந்தது! 'பொருள் சொன்னபடியே இருந்தது. விற்றவர் தினமும் நேரில் வந்து, வியர்க்க வியர்க்க நடந்துகாட்டினார். என் சர்வீஸில் இப்படி ஒரு நேர்மையாளரைப் பார்த்ததில்லை.' என் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சளாக, குட்டியாக, ஒரு நட்சத்திரம்.

என்னை மீறி, "சுப்ஹானல்லாஹ்!" என்று கத்திவிட்டேன்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, சுந்தரராமன் சார் போட்டுட்டாரா?"

நட்சத்திரம் திரையிலிருந்து இறங்கி என் கண்முன்னால் சுற்றியது.

"எ... எந்த சுந்தரராமன்?"

"எத்தனை பேருங்க இருக்காங்க? பெருங்களத்தூர்க்காரர்தான்." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அன்னைக்கு நீங்க கடையில இருந்தப்போ வீட்டுக்குப் போன் பண்ணார். பாவம், கோவத்துல இருந்தார். 'உங்காத்துக்காரர் ஃபீட்பேக் ஃபீட்பேக்னு என் உயிரை எடுக்கறார்ம்மா, அந்த நடை மெஷினை அதிகம் யூஸ் பண்ணலைன்னு எழுதியிருக்காரே, நம்பலாமா'ன்னு கேட்டார். 'சத்தியமா நம்பலாம் சார்'னு சொன்னேன்."

"அப்புறம்?"

"மெஷின் ஆளைத் தாங்குமான்னு கேட்டார். 'அவரையே வரச்சொல்லி நடக்க வச்சுப் பாருங்க, அவரைத் தாங்கினா யாரையும் தாங்கும்'னு சொன்னேன். 'சீக்கிரம் எழுதிடாதீங்க, எழுதிட்டா வரமாட்டார்'னும் சொன்னேன். நேத்து நான்தான் போன் பண்ணி, 'போதும் சார், பாவம், போட்டுடுங்க'ன்னேன்."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் ஆண்பிள்ளை அல்லவா? நிமிர்ந்தேன்.

"சரி சபீஹா, எல்லாம் முடிஞ்சுது. எனக்கு வேண்டியது கிடைச்சாச்சு. இனிமே நான் எதுக்குப் பெருங்களத்தூர் போகணும்? போகமாட்டேன்."

"அதெப்படிங்க? அவர் எழுதினா நாமளும் அவருக்கு எழுதணும்ல? அதானே மரியாதை?"

"எழுதறேன். இப்பவே எழுதறேன்."

"வேணாம். நீங்க சைட்டை மூடாம கடைக்குப் போனதால நானே எழுதிட்டேன்."

பாய்ந்து திரையை உருட்டினேன். உலகமே பார்க்க, என் பெயரில் நின்றது: 'சுந்தரராமன் சார் அருமையான மனிதர். மெஷினை மட்டும் பணம் கொடுத்து வாங்கினார். கூடவே என் வீட்டுக்காரரையும் தினமும் காலையில் இலவசமாக வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். நம்பி விற்கலாம். இப்படிக்கு, விற்றவரின் மனைவி.'

அழிக்கிற பட்டனைத் தேடினேன். மேலே தேடினேன், கீழே தேடினேன்.

"தேடாதீங்க" என்றாள் சபீஹா, என் முன்னால் டீயை வைத்து. "ஒரு எழுத்துப்பிழை இருந்துச்சுன்னு நானும் தேடிப் பாத்துட்டேன். போட்டா போட்டதுதானாம்."