நன்றாக ஓடும் வண்டியும் விமல்ராஜ் சித்தப்பாவும்

கெட்டுப்போனதைச் சரிசெய்கிறவர்களுக்கு ஒரு கும்பிடு. சரியாக இருப்பதைச் சரிசெய்கிறவர்கள் என்று இன்னோர் இனம் உண்டு. அவர்களைக் கண்டால் வண்டியைப் பூட்டி வையுங்கள். செஞ்சி கடைத்தெருவில் ஸ்கூட்டர் சாமான் கடை வைத்திருக்கும் விமல்ராஜ் அந்த இனத்தில் அசல் சரக்கு.

அவருடைய அண்ணன் மகள் வளர்மதி, கல்லூரித் தோழிகளோடு சேர்ந்து ஒரு குட்டிப் பந்தய வண்டி செய்திருந்தாள். அனந்தபுரம் பக்கத்து மண்மேட்டுப் பந்தயத்தில் ஜெயித்தால்தான் கோயம்புத்தூர் இறுதிப் போட்டி. இரண்டு தட்டுகளுக்கு நடுவே பெல்ட் ஓடும் அதன் கிளட்சில் ரோலரை மாற்றி மாற்றிப் போட்டு, ஸ்பிரிங்கை இறுக்கித் தளர்த்தி, கையெல்லாம் காய்த்து, கடைசியில் வண்டி மேட்டில் ஆடு மாதிரி தாவும்படி பதம் பிடித்துவிட்டாள். சித்தப்பாவுக்குப் பொறுக்குமா?

“ரோலர் கொஞ்சம் வெயிட்டா போட்டா இன்னும் பறக்கும்மா.”

“மேடு ஏறாது சித்தப்பா.”

“அப்ப ஸ்பிரிங்கையாவது...”

“தொடாத, சொல்லிட்டேன்!”

தொடவில்லை. சுற்றிச் சுற்றி வந்தார். கிளட்ச் மூடியில் காதை வைத்துக் கேட்டார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், “பெல்ட்டு சத்தம் ஒரு மாதிரி இருக்குது” என்று அங்கலாய்த்தார். பந்தயத்தன்று வண்டிக்குப் பூசை போட வந்தார். பூசையை யார் தடுப்பார்கள்? வளர்மதி ஹெல்மெட் எடுக்கப் போனாள்.

கொடி விழுந்தது. முதலில் பாய்ந்தது அவள் வண்டிதான். பாதி மேட்டில் பெல்ட் கீச்சென்று அலறியது. எஞ்சின் கத்தியது, சக்கரம் அசையவில்லை. மற்ற வண்டிகள் அவள்மேல் புழுதி வாரி இறைத்துவிட்டுப் போயின. அழுகையும் ஆத்திரமுமாக மூடியைக் கழற்றினாள். பெல்ட் உரசும் தட்டிலே வழவழவென்று ஈரச் சந்தனம், அதன்மேல் எண்ணெயில் குழைத்த குங்குமம்!

“இன்னா சித்தப்பா இது?”

“வெளிய எல்லாரும்தான் வெக்கிறாங்க. ஓட்றது கிளட்சுதான? அதுக்கு வாணாமா? செட்டிங்க நான் தொடவே இல்லம்மா!”

கோயம்புத்தூர் கைநழுவிப் போயிற்று. அன்று மாலையே கடைத்தெருவில் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: “நான் சொன்ன ரோலரப் போட்டிருந்தா ஏறியிருக்கும்.”

சிரிக்கிறீர்களா? நேற்று வீட்டில் இறக்கி வைத்த குழம்பில், யாரும் கேட்காமலே ஒரு சிட்டிகை உப்புப் போட்டது யார்? இதோ இந்தப் பக்கத்திலேயே, ‘அந்த ஒரு வரியை மட்டும் மாற்றியிருக்கலாம்’ என்று விரல் துறுதுறுக்கிறதே, அந்த விரலைக் கொஞ்சம் இப்படிக் காட்டுங்கள். சந்தன வாசனை அடிக்கிறது.