அரசர் பால் காய்ச்சிய வீடு

கோபுரநாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் புது வீடானாலும் அரசர் உச்சிவர்மரே வந்து பால் காய்ச்ச வேண்டும். அதற்கு முன் குடியேறினால் வீட்டை இடித்துவிடுவார்கள்.

ஏழைகளுக்கென்று அரசு அடுக்குமாளிகைகள் எழுப்பிக்கொண்டிருந்தது. நடக்க முடியாத செங்கமலம் தன் சக்கர வண்டியில் போய் அங்கே கீழ்த்தளத்தில் ஒரு வீடு கேட்டாள். வீட்டுவசதி மந்திரி சிகரநம்பி தொண்டையைச் செருமினார்.

“கீழ்த்தளம் முழுவதும் மன்னரின் சிலைக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. உனக்குப் பதினோராம் மாடி. காற்று நன்றாக வரும்.”

“காத்து வரும் சாமி, நான் எப்படி வர்றது?”

அரசு இதைத் தீவிரமாகப் பரிசீலித்து, எல்லாப் படிகளிலும் சக்கரப் படம் வரையச் சொன்னது. வீட்டு விலை கட்டுப்படியாகவில்லை என்று மக்கள் புலம்பியதும் விலை குறைந்தது. ஆனால் கதவையும் சன்னலையும் அவரவர் வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. வெயிலில் வேகிறோம் என்றார்கள். சுற்றியிருந்த வேம்புகளை வெட்டிவிட்டு, சுவர்களுக்குப் பச்சை வண்ணம் அடித்தார்கள். மந்திரிக்குப் ‘பசுமைச் செம்மல்’ பட்டம் கிடைத்தது.

செங்கமலத்துக்குப் பொறுமை போயிற்று. அக்கம்பக்கத்தார் கைகொடுக்க, மாளிகைக்குப் பக்கத்திலேயே தன் அப்பன் விட்டுப்போன துண்டு நிலத்தில் மண்சுவரும் நாட்டு ஓடுமாக ஒரு வீடு கட்டினாள். வாசலில் படி கிடையாது, சரிவுதான். உள்ளே குளுகுளுவென்றிருந்தது. அரசருக்காகக் காத்திராமல் குடியேறியும் விட்டாள். ஆனால் கடப்பாரை எப்போது வருமோ என்று அடிக்கடி தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

மாளிகைத் திறப்புவிழாவுக்கு நாடே கூடியது. குறித்த நேரத்துக்குள் பால் பொங்காவிட்டால் ஆட்சிக்கே ஆகாது என்பது அரண்மனை நம்பிக்கை. வீடுகளோ மாடியில்தான் இருந்தன. பல்லக்கிலேயே வாழ்ந்த அரசருக்கு மூன்றாம் படியிலேயே முழங்கால் மடங்க மறுத்தது. பல்லக்கில் தூக்கிப் பார்த்தார்கள். அது படிக்கட்டுத் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது.

“ஏதாவது ஒரு வீட்டுக்குள் என்னைக் கொண்டுபோங்கள்!” என்று அலறினார் மன்னர்.

அவர் நுழையக்கூடிய, படியில்லாத வாசல் பக்கத்தில் ஒன்றுதான் இருந்தது. பரிவாரத்தைப் பார்த்ததும் செங்கமலம் வண்டியை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தினாள்.

“என்னைத் தாண்டித்தான் இடிக்கணும்!”

“இடிக்க வரல தாயி,” என்று மூச்சிரைத்தார் அரசர். “கொஞ்சம் பால் இருக்குமா?”

பால் பொங்கியது. அந்தக் குளிர்ச்சியை விட்டு எழுந்திருக்க அரசருக்கு மனமே வரவில்லை. அவர் பால் காய்ச்சிய வீட்டை இனி எவரும் தொட முடியாது. செங்கமலம் நிம்மதியில் அழுதேவிட்டாள். சேதி பரவியதும் ஊரார் அதேபோல் சரிவு வாசல் வைத்துக் கட்டிவிட்டு அரசரை அழைக்கத் தொடங்கினார்கள். அவரும் முழங்காலைத் தடவிக்கொண்டே போய்வந்தார்.

ஒரு காலையில் சிகரநம்பி பெரிய பலகையோடு செங்கமலத்தின் வீட்டுக்கு வந்தார். ‘மன்னரின் சிந்தையில் உதித்த சரிவு வாசல் திட்டம்’ என்று அதில் எழுதியிருந்தது. அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

“தாராளமா வைங்க சாமி. கொஞ்சம் தள்ளி வைங்க, இது வண்டி போற வழி.”