பதினோரு வருடம் வலிக்காத பல்

2024 ஜனவரி 21, ஞாயிறு. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். பல் துலக்கினேன், மூன்று நிமிடம். ஈறில் சிறிது இரத்தம். ஆறு மணிக்குப் பால் சொசைட்டியைத் திறந்தேன். ஏழரைக்கு இட்லி மூன்று.

இவ்வளவும் டைரியில் இருந்தபடியே. எல்லை தாண்டி மலையாள மண்ணில், பெருமாட்டிப் பக்கத்தில் ஒரு சிறிய சொசைட்டியின் செயலர் நான். இருபத்திரண்டு வருடமாக ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறேன். எழுதி வைத்துவிட்டால் கவனித்துவிட்டதாக அர்த்தம் என்று நம்பிய முட்டாளும் நானே.

அன்று பத்து மணிக்குச் சொசைட்டிக் கூடத்தில் பல் பரிசோதனை முகாம். ஏற்பாடு என்னுடையது, உள்நோக்கமும் என்னுடையது. என் கீழ்த்தாடையில் வலதும் இடதுமாக இரண்டு இம்பிளாண்ட். எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து, அதன்மேல் பல் வைப்பார்கள். கோயம்புத்தூரில் வைத்துப் பதினோரு வருடம். என் மனைவி சரஸ்வதியின் அண்ணன் பொன்னுசாமி, கழற்றி மாட்டும் பல்செட்டோடு அல்லாடுகிறவர். அவர் எதிரில் என் பல்லை ஒரு டாக்டர் புகழ வேண்டும் (அற்ப ஆசைதான்).

முதல் ஆளாக நாற்காலியில் சாய்ந்தேன். "எல்லாரும் வந்து பாத்துக்கலாமுங்க" என்று கூட்டத்துக்கு அழைப்பு வேறு.

சித்தூரிலிருந்து வந்த மலையாளி டாக்டரம்மா, மெல்லிய கம்பி ஒன்றை வலது பல்லின் ஓரத்தில் இறக்கினார். அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது. பல்லைப் பிடித்து அசைத்தார். அசைந்தது.

"வேதனை உண்டா சாரே?"

"துளிகூட இல்லைங்க" என்றேன், பெருமையாக.

"அதாணு பிரச்சினை. சொந்தப் பல்லுன்னா வேதனிச்சு நம்மளை எழுப்பும். இது சொல்லாது."

திருகின் மேலே உள்ள பல் மட்டும் தளர்ந்திருந்தால் முறுக்கிவிடலாமாம். அடித் திருகே எலும்பை விட்டிருந்தால் எடுத்துவிட வேண்டுமாம். எக்ஸ்ரே பார்த்தால்தான் தெரியும். "ரத்தம் எப்போ தொட்டு வருது?" என்று நாள் கணக்குக் கேட்டார்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. "உத்தேசமாச் சொல்ற பழக்கம் நமக்கில்லீங்க" என்று சரஸ்வதியை வீட்டுக்கு அனுப்பினேன். நான்கு கட்டிடம் தள்ளித்தான் வீடு. இரண்டு வருட டைரிகளோடு வந்தாள். அதற்குள் டாக்டரம்மா என் வாயில் பஞ்சை வைத்திருந்ததால் அவளே படித்தாள், சத்தமாக.

"ஈறில் இரத்தம். பிரஷ் மாற்றினேன்." பக்கம் புரண்டது. "ஈறில் இரத்தம். பேஸ்ட் மாற்றினேன்." இன்னொரு பக்கம். "வாய் நாறுவதாகச் சரஸ்வதி சொன்னாள். வெங்காயத்தை நிறுத்தினேன்." அடுத்தது: "மீண்டும் இரத்தம். மறுபடி பிரஷ் மாற்றினேன்."

"நிறுத்து" என்றேன். பஞ்சுக்குள் அது வேறென்னவோ ஆகி வந்தது.

பொன்னுசாமி பல்செட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "ஏனுங் மாப்ள, இத்தன மாத்துனீங்களே, டாக்டர ஒருக்காப் போய்ப் பாத்திருக்கலாமில்லீங்க?"

கூடமே சிரித்தது. எனக்குப் பல்லைப் பற்றித்தான் பயம். வருடம் ஒருமுறை வரவும் என்று அச்சிட்டுக் கோயம்புத்தூரில் ஓர் அட்டை தந்திருந்தார்கள். இரண்டு முறை போனேன். பிறகு வலி இல்லையே என்று விட்டுவிட்டேன். அட்டையை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்தேன். இன்றும் புதிதாக இருக்கிறது.

முகாம் முடிந்ததும் டாக்டரம்மா எனக்காகவே சித்தூர் கிளினிக்கைத் திறந்தார். திருகின் மேலுள்ள பல் மட்டும் தளர்ந்திருக்கட்டும் என்று வழியெல்லாம் வேண்டினேன். எக்ஸ்ரேயில் திருகைச் சுற்றி எலும்பு இருக்க வேண்டிய இடம் கிண்ணம்போல் கறுத்திருந்தது. அழுக்கு சேர்ந்து, ஈறு அழுகி, எலும்பு கரைந்துவிட்டதாம். ஊசி போட்டுத் திருகினார். உளுத்த கதவிலிருந்து ஆணி வருவதுபோல் வந்துவிட்டது. ஒரு சண்டைகூடப் போடவில்லை.

"நல்லா நோக்கிக்கிட்டா இருபது வருஷமும் இருக்கும் சாரே" என்றார், ஆறுதலாக. அதுதான் மிச்சமிருந்த உயிரையும் எடுத்தது.

"திரும்ப வைக்கலாமுங்களா?"

"எலும்பு வேணுமே. முதல்ல ஆறட்டும்." பிறகு இடது பக்கத்தைக் காட்டச் சொன்னார். இன்னொரு தீர்ப்பைக் கேட்கத் தெம்பில்லை. அப்புறம் வருகிறேன் என்று எழுந்து ஓடிவந்துவிட்டேன்.

இன்றுவரை சொந்தத்தில் யார் வீட்டு மோட்டார் நின்றாலும், மாடு கறவை குறைந்தாலும், முதலில் வரும் யோசனை "பிரஷ்ஷ மாத்திப் பாருங்" என்பதுதான். பொன்னுசாமியின் பேரன்கூடச் சொல்கிறான். அவனுக்கு இன்னும் முழுசாகப் பல் முளைக்கவில்லை.

அன்றிரவு இடது பக்கத்தை நாக்கால் தடவியபடியே கிடந்தேன். திங்கள் காலை ஐந்தேகாலுக்கு எழுந்து, முதல் வேலையாகச் சரஸ்வதியை எழுப்பி, கையில் டார்ச்சைக் கொடுத்து வாயைத் திறந்தேன்.

"என்னத்தைங்க பாக்கோணும்?"

"ரத்தம்."

விரலில் பஞ்சைச் சுற்றி ஈறை அழுத்தினாள். பஞ்சை வெளிச்சத்தில் பார்த்தாள்; என்னிடம் காட்டவில்லை.

"வண்டிய எடுங்க" என்றாள்.

கிளினிக் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும் என்று இருவருக்கும் தெரியும். ஐந்தரைக்கே கிளம்பிவிட்டோம்.