பூதம் மறித்த பாலம்

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை என்று கிடங்கு அதிகாரி சபதம் எடுத்திருந்தார். பின்னே? ஒரு ராஜ்யமே அவரை நம்பி இடிந்து கிடந்தது. புயலில் பாலமெல்லாம் போச்சு. ராணி கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள். குட்டி ஆட்களை ஏவி, மரம் வெட்டி, கல் உடைத்து, பழம் பறித்து அத்தனையையும் கட்டி எழுப்ப வேண்டும். கம்ப்யூட்டர் விளையாட்டுதான். ஆனால் முதல் பாகத்தை முடித்தவருக்கு இரண்டாம் பாகத்தைப் பாதியில் விட மனசு வருமா? அதிலும் இதில் ‘நிதானம்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் கடிகாரம் கிடையாது, அவசரம் கிடையாது. அவருக்கென்றே அளவெடுத்துச் செய்தது.

இடைஞ்சல் ஒன்றுதான். பின்னறை. அதைக் காலி பண்ணி, சுவரில் பலகை அடித்துத் தருகிறேன் என்று மனைவியிடம் எந்த நேரத்திலோ சொல்லித் தொலைத்திருந்தார்.

“என்னங்க, பலகை வந்து ஒரு மாசமாச்சு. இன்னைக்காவது...”

“இன்னைக்கு முடியாதும்மா. ஆபீஸ்ல ட்ரெயினிங் குடுத்திருக்காங்க. ஆளையும் சரக்கையும் எப்படி நிர்வாகம் பண்றதுன்னு. பரீட்சைகூட உண்டு.”

முழுப் பொய் இல்லையே என்று மனசைத் தேற்றிக்கொண்டார். மனைவி திரையை எட்டிப் பார்த்தாள்.

“அந்தத் தொப்பிக்காரன் ஏன் சும்மா நிக்கிறான்?”

“பழம் தீந்துபோச்சு. ஒவ்வொரு வேலைக்கும் சாப்பாடு குடுத்தாத்தான் அவன் நகருவான்.”

“ஓஹோ. வேலைக்கு வேலை சாப்பாடு.”

“அதான் நிர்வாகம்!”

“சரி, நடக்கட்டும்” என்று அவள் உள்ளே போனாள். அவருக்கு ஒரே குஷி. மனைவி இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தால் உஷாராக வேண்டாமோ? இத்தனை வருஷத்தில் அது தெரியாதவர் எப்படித்தான் ஒரு கிடங்கைக் கட்டி மேய்க்கிறாரோ.

கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முட்டிக்கொண்டது. கடைசிப் பாலத்தின்மேல் ஒரு பூதம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. ஓரத்தில் ஒரு பாழுங்கிணறு. அதை யார் சீந்துவார்கள்? மண்டை காய்ந்தது.

“காப்பி கிடைக்குமா?”

“பின்னறைப் பெட்டிங்களை வெளிய எடுத்து வைங்க. கிடைக்கும்.”

“என்ன இது அநியாயம்?”

“நீங்கதானே சொன்னீங்க? பரீட்சைக்குச் செய்முறை வேணாமா?”

மாட்டேன் என்றால் ட்ரெயினிங் சாயம் வெளுத்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டிகளைத் தூக்கினார். காப்பி வந்தது. ஒட்டடை அடித்தார்; சாப்பாட்டுத் தட்டு வந்தது. தட்டில் பாதிதான் இருந்தது.

“மிச்சம் எங்கே?”

“முதல் பலகை ஏறட்டும்.”

“இந்தா, நான் ஒரு அதிகாரி!”

“அதிகாரியெல்லாம் கிடங்குல. இங்க நீங்க தொப்பிக்காரன்.”

ஆணிமேல் விழ வேண்டிய அடி கட்டைவிரல்மேல் விழுந்தது. அந்த வலியிலும் அவருக்குப் பசிதான் பெரிதாக இருந்தது. அவர் ஒவ்வொரு பலகையாக ஏற்ற, தட்டு கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்தது. பொழுது சாய்வதற்குள் பின்னறை பளிச்சென்று ஆகிவிட்டது. அவர்தான் கசங்கிப்போயிருந்தார்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் விழுந்தார். பூதம் அப்படியே உட்கார்ந்திருந்தது. இருந்த பழத்தையெல்லாம் கொட்டிக் கொடுத்தார். அது அசைவதாயில்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

“அட சனியனே, இத்தனை பழம் குடுத்தும் உனக்கு இன்னும் என்னதான் வேணும்?”

“அதுக்குப் போய் ஏன் பழத்தைக் குடுக்கிறீங்க?” பின்னறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. புதுப் பலகையில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். “ஓரத்துல கிணறு இருக்கும் பாருங்க. அதைச் சரி பண்ணினா உள்ள ஒரு மணி கிடைக்கும். அடிச்சீங்கன்னா ஓடியே போயிடும்.”

கிணற்றைச் சரி பண்ணினார். மணி கிடைத்தது. அடித்தார். பூதம் துண்டைக் காணோம், துணியைக் காணோம் என்று ஓடியது. அவருக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை.

“உனக்கு... எப்படித் தெரியும்?”

“நீங்க ஆபீஸ் போனப்புறம் விளையாடி, போன வாரமே முடிச்சாச்சு. ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி இருந்துச்சு.”

“என்ன சந்தேகம்?”

“நிஜ ஆளும் சாப்பாட்டுக்கு நகருவானான்னு. இன்னைக்கு அதுவும் தீந்துபோச்சு.”