கொசு ஒழிந்த நாட்டில் ஒரு கொசுவலை

ஆறுகள் கடலுக்குள் இறங்கச் சோம்பல்பட்டுத் தேங்கி நிற்கும் இடத்தில் ஈரநாடு என்றொரு நாடு இருந்தது. அதன் மன்னர் குடிமக்கள்மேல் கொள்ளைப் பிரியம் கொண்டவர். அந்தப் பிரியத்தில், கொசுவை அடியோடு ஒழித்துவிட்டதாக ஒருநாள் அறிவித்தார்.

நாட்டின் கடைக்கோடிச் சிற்றூரில் நாற்று நட்டுப் பிழைப்பவள் பூமயில். அவள் கணவன் இருளப்பனுக்கு யானைக்கால். அந்திதோறும் அந்தக் காலைக் கழுவி, விரலிடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்துவிடுவாள்.

"இந்தச் சேவையக் கோயில் யானைக்குப் பண்ணியிருந்தா ஆசீர்வாதமாச்சும் கெடைச்சிருக்கும்" என்பாள்.

அவன் கையைத் துதிக்கையாக வளைத்து அவள் உச்சந்தலையைத் தொடுவான். இருவரும் சிரிப்பார்கள்.

கொசுதான் ஒழிந்துவிட்டதே, சாக்கடை தூர்வாருவது எதற்கு என்று நிறுத்தினார்கள். மாத்திரை கொடுக்க வந்த நர்ஸம்மாவையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். வீங்கிய கால்கள் பெருகின. யானை அரசச் சின்னம் என்பதால் யானைக்கால் அரச விருதாகும் என்று ஆணை வந்தது. இருளப்பன் காலில் பட்டு நாடா கட்டிப் போனார்கள். வேலைக்குக் கூப்பிடத்தான் ஆளில்லை.

அந்நாட்டில் மன்னருக்கும் தேர்தல் உண்டு; அது நெருங்கியது. கொசு அடிப்பதும் கொசுவலை கட்டுவதும் ராஜத்துரோகம் என்றானது. வலைகளைப் பறிமுதல் செய்ய நலத்துறைத் தலைவர் பரமானந்தர் பரிவாரத்தோடு வந்தார். பூமயில் வீட்டில் கைக்குழந்தை வலைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

"இதென்னம்மா?"

"கொசு கடிக்குதுங்கய்யா."

"இல்லாதது எப்படியம்மா கடிக்கும்?" என்றவர், முகத்துக்கு நேரே இரு கையாலும் பட்டென்று அறைந்தார்.

உள்ளங்கையில் சிவப்பாக ஒரு பொட்டு. எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

"மன்னருக்காகக் கைதட்டினேன்" என்றார் கம்பீரமாக.

பூமயிலுக்குச் சிரிப்பு முட்டியது. குழந்தையைப் பார்த்ததும் அடங்கியது.

"அப்ப நாங்களும் தட்டலாமுங்களா?"

"தாராளமாக!"

"தட்டிக்கிறோங்கய்யா. வலைய மட்டும் விட்டுட்டுப் போங்க. புள்ளைக்கு இன்னும் கைதட்டத் தெரியாதுங்க."

பரமானந்தர் குழந்தையையே சற்று நேரம் பார்த்தார். "அது திரைச்சீலை. அடுத்த வீட்டுக்கு நடங்கள்" என்றார் காவலரிடம்.

செய்தி ஊர் ஊராகப் பரவியது. கொசு அடிப்பதுதான் குற்றம், கைதட்டுவது குற்றமில்லை. பொழுது சாய்ந்தால் ஈரநாட்டில் குடிசைக்குக் குடிசை கைதட்டல் எழுந்தது.

மன்னர் உப்பரிகையில் நின்று கேட்டார். கண் கலங்கியது.

"இப்படிக் கைதட்டுகிற மக்களிடம் போய் ஓட்டு வேறு கேட்பதா?" என்று தேர்தலை ரத்து செய்தார்.