ஒன்பது அடி காணவில்லை

மார்ச் 4, செவ்வாய். இன்று ஒரு தப்பு செய்துவிட்டேன். பழைய உப்புக் கிடங்கை உள்ளே அளந்தேன், முப்பத்தோரு அடி. பக்கத்து நடைவழியில் அதன் வெளிப்பக்கத்தை அளந்தேன். சுவர்க் கனத்தைக் கழித்தும் நாற்பது. ஒன்பது அடியை எங்கேயோ தொலைத்துவிட்டேன்.

எழுதி முடித்து, 'தொலைத்துவிட்டேன்' என்பதன் கீழ் ஒரு கோடும் போட்டாள் அங்குலம்.

அங்குலம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. திரைச்சீலைக் கடையில் வைத்தது. பகலில் வீடு வீடாகப் போய் ஜன்னல் அளப்பாள். மாலையில் நில அளவை வகுப்பு. முன்பு ஒருமுறை பல் டாக்டர் ஒருவரின் ஜன்னலுக்குச் சீலையை ஒரு சாண் குறைத்து வெட்டிவிட்டாள். நோயாளிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. அன்றிலிருந்து எதையும் மூன்று தடவை அளப்பாள். மூன்றும் ஒன்றாக வந்தால் சந்தேகப்பட்டு நான்காவது தடவையும் அளப்பாள்.

அவள் இருந்த மலையூருக்கு அடியில் இன்னொரு ஊர் உண்டு. முற்றுகைக் காலத்தில் தப்பி ஓட வெட்டிய சுரங்கம், மழைநீர்த் தொட்டி, உப்புக் கிடங்கு. மூன்றையும் வரைபடமாக்குவதுதான் வகுப்பில் கொடுத்த வேலை. சுரங்கம் அரை அங்குலம் பிசகாமல் பொருந்தியது. தொட்டியும் பொருந்தியது. உப்புக் கிடங்கு மட்டும் முரண்டு பிடித்தது.

உப்புக் கிடங்கு என்று இப்போது சொன்னால் ஊரில் அடிக்க வருவார்கள். அதன் பெயர் பேசும் குகை.

மூன்று வருடத்துக்கு முன்பு வரை அது பேசவில்லை. அங்கே இருந்த வழிகாட்டி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தார். கல்லை எப்படிக் குடைந்தார்கள், உப்பை எப்படிக் காத்தார்கள் என்று தொண்டை வறள விளக்குவார். வந்தவர்கள் ஒரு கொட்டாவி விட்டு, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஒருநாள் வரலாற்றை மூட்டை கட்டினார். "குகை பேசுகிறது" என்று மட்டும் சொன்னார். மறுவாரம் வரிசை மலையடிவாரம் வரை நின்றது. அவருக்கும் பதவி உயர்வு: குகையின் காரியதரிசி. குகைக்கு வாரத்தில் ஒருநாள், செவ்வாய்க்கிழமை, விடுமுறை. கல்லாக இருந்தால் என்ன, ஓய்வு வேண்டாமா? அந்த விடுமுறையில்தான் நகராட்சியின் அனுமதிக் கடிதத்தோடு அங்குலம் உள்ளே போய் அளந்தாள்.

வரிசையில் நிற்பவர்களுக்குக் காரியதரிசியின் மனைவி தண்ணீர் கொடுப்பார். "என்னம்மா, முகமே வாடியிருக்கு? மனசு விட்டுச் சொல்லு" என்பார். வெயிலில் காய்ந்தவர்கள் மனசை மட்டுமா விடுவார்கள்? மூன்று தலைமுறைக் கதையையும் கொட்டுவார்கள். அரைமணி கழித்து உள்ளே போனால், பின்சுவரின் காற்றுத் துளையிலிருந்து குகை அவ்வளவையும் புட்டுப் புட்டு வைக்கும். ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை சொல்லும். "என்ன அழுத்தம் பாருங்க!" என்று மக்கள் சிலிர்ப்பார்கள். கதையைச் சொன்னதே தாங்கள்தான் என்பது ஒருவருக்கும் நினைவு வராது.

எல்லாம் ஊரார் பாடு என்று அங்குலம் இருந்திருப்பாள். ஆனால் குகை அவள் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டது.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. மகள் வேலை பார்க்கும் அதே கடைக்கு வீட்டிலிருந்து சீலை ஓரம் தைத்துக் கொடுப்பவர், ஊசிக் காதைத் தேடி விரலைக் குத்திக்கொண்டிருந்தார். நான்கு மாதம் காத்திருந்து, இந்த வெள்ளிக்கிழமைக்கு ஆபரேஷன் தேதி கிடைத்திருந்தது. இதை விட்டால் இன்னும் நான்கு மாதம். அதுவரை வலது கண் தாங்காது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். புதன்கிழமை அம்மா குகைக்குப் போய்விட்டு ஒரு பாட்டிலோடு திரும்பினார்.

"கத்தி கண்ணுல படவே கூடாதாம்டி. ரெண்டு தடவை சொல்லிச்சு."

"எது?"

"வேற எது, குகைதான். குகைச் சுவர்ல சொட்டுற இந்தத் தண்ணிய இருபத்தோரு நாள் கண்ணுல விட்டா போதுமாம்."

அங்குலம் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில் ஏதோ நீச்சல் பழகிக்கொண்டிருந்தது.

"அம்மா, இதுல புழு இருக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"அதுக்குத்தானே ஆபரேஷன்!"

"போடி. எனக்குக் கண்ணுல கோளாறுன்னு அதுக்கு யார் சொன்னா? உள்ள நான் வாயே திறக்கல."

"வெளியில? தண்ணி குடுத்தவங்ககிட்ட?"

"அது சும்மா பொம்பளைங்க பேசிக்கிட்டது. அது வேற."

அங்குலம் நோட்டை எடுத்து நாற்பதிலிருந்து முப்பத்தொன்றைக் கழித்தாள். ஒன்பது. மறுபடியும் கழித்தாள். அப்போதும் ஒன்பதுதான். முதல் முறையாக அவளுக்கு வேறு ஒரு நினைப்பு வந்தது. தப்பு என் டேப்பில் இல்லாவிட்டால்?

"சரிம்மா. நாளைக்கு நானும் வந்து கேக்கறேன். அது சரியாச் சொல்லிட்டா ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்கமாட்டேன்."

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். மகளுக்குப் புத்தி வந்துவிட்டதாம்.

வியாழக்கிழமை வரிசையில், அம்மா செருப்பை விடப் போன சமயம் பார்த்து, காரியதரிசியின் மனைவி தண்ணீரோடு வந்தார். அங்குலத்துக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, காது சூடாகிவிட்டது. அந்த அம்மாளோ அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"வீட்டுக்காரர் கப்பல் வேலைக்குப் போனார்க்கா. ரெண்டு வருஷமா ஒரு தகவலும் இல்ல."

"ஐயோ பாவம். குகை இருக்கு, கவலைப்படாதே."

உள்ளே ஒற்றை விளக்கு. முப்பது பேர் மூச்சுமுட்ட நின்றார்கள். "அமைதி!" என்றார் காரியதரிசி. "குகை மூச்சு வாங்குது."

பிறகு சுவர் பேசியது.

"பச்சைச் சட்டை மகளே. பச்சைச் சட்டை மகளே. கப்பலில் போன உன் கணவன் பதினைந்து நாளில் திரும்புவான். கப்பலில் போன உன் கணவன் பதினைந்து நாளில் திரும்புவான்."

கூட்டம் "ஆகா" என்றது. அம்மா மட்டும் மகளின் முழங்கையை இறுக்கிப் பிடித்தார்.

"அடிப்பாவி! எனக்குத் தெரியாம எப்ப கல்யாணம் பண்ணுன?"

"அம்மா! எனக்கு ஏதும்மா புருஷன்?"

"குகை பொய் சொல்லுமா? யாருடி அவன்? கப்பல்ல என்ன வேலை?"

பெற்றவளுக்கு, தான் வளர்த்த இருபத்துமூன்று வருடம் பொய். சுவர் சொன்ன அரை நிமிடம் மெய். அங்குலத்துக்கே ஒரு கணம் சந்தேகம் தட்டியது, ஒருவேளை எங்கேயாவது கல்யாணம் செய்து மறந்துவிட்டோமோ என்று. உடனே பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்தாள்.

"ஐயா, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"பாறை" என்றார் காரியதரிசி. "மலை முழுக்க ஒரே பாறை."

"அப்ப டேப் உள்ள போகாதே?"

பதிலுக்குக் காத்திருக்காமல் டேப்பின் நுனியைக் காற்றுத் துளைக்குள் விட்டாள். வகுப்பில் செய்வது போலச் சத்தமாகப் படித்தாள்.

"ஒரு அடி. ஒண்ணரை. பாறை ரொம்ப மிருதுவா இருக்குங்க. ரெண்டு அடி. ரெண்டு அடி மூணு அங்குலம்..."

"ஆ! காது! காது!" என்றது குகை.

பழக்க தோஷம். அதையும் இரண்டு தடவை சொன்னது.

கூட்டத்தில் நின்ற பஸ் டிரைவர் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். "அட, இது நம்ம பஸ் ஸ்டாண்டு மைக்காரன் குரல்! எந்த வண்டி எப்பக் கிளம்பும்னு எதையும் ரெண்டு தடவை சொல்வானே, அவன்தான்!"

டிரைவர் நடை வழியாக ஓடினார். நடையின் கோடியில் ஒரு கதவு, 'குகையின் அலுவலகம், உள்ளே வரக்கூடாது' என்ற பலகையோடு. அந்தப் பலகைக்கு மரியாதை கொடுத்து, செவ்வாயன்று அங்குலம் அதைத் திறந்து பார்க்கவில்லை. டிரைவர் தோளால் இடித்ததும் கதவு வழிவிட்டது. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு பிளாஸ்க், ஒரு கட்டுத் துண்டுச் சீட்டு, காதைப் பொத்திக்கொண்டு அதே மைக்காரர், காரியதரிசியின் மச்சான். நடைப்பக்கச் சுவரில் கையகல ஜன்னல் ஒன்று. அது எதற்கென்றால், தண்ணீர் கொடுக்கும் அக்கா சீட்டுப் போடுவதற்கு.

அம்மா தடவித் தடவி வந்து சேர்ந்தார். "சீட்டுல என்ன எழுதியிருக்கு? படி."

அங்குலம் முதல் சீட்டைப் படித்தாள். "பச்சைச் சட்டை. புருஷன் கப்பல். ரெண்டு வருஷம்." கட்டைப் புரட்டி நேற்றைய சீட்டைத் தேடி எடுத்தாள். "நீலச் சால்வை அம்மா. கண் புரை. ஆபரேஷன்னா பயம்."

அம்மா அந்தச் சீட்டை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார்.

"பயம்னு நான் டாக்டர்கிட்டகூடச் சொல்லல. உன்கிட்டயும் சொல்லல. அந்தத் தண்ணிக்காரம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன்." பிறகு மச்சான் பக்கம் திரும்பினார். "ஏன்டா, கத்தி படக்கூடாதுன்னு சொன்னியே, நீ என்ன டாக்டரா?"

"எனக்கு என்னம்மா தெரியும்? எந்தக் கஷ்டத்துக்கு என்ன சொல்லணும்னு மாமா முன்னாடியே எழுதிக் குடுத்தாரு, படிச்சேன்."

கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "குகைதான் இவர் வாய் வழியாப் பேசியிருக்குமோ?"

காரியதரிசி அதைப் பாய்ந்து பிடித்துக்கொண்டார். "அதேதான்! குகை ஆளை வச்சுத்தான் பேசும்!"

"அப்படியா?" என்றார் அம்மா. "அப்ப என் மாப்பிள்ளையக் காட்டச் சொல்லு. பதினைஞ்சு நாள் வேணாம், பதினைஞ்சு வருஷம் தர்றேன்."

சிரிப்பு கிடங்கு முழுக்க மோதி மோதித் திரும்பியது. அந்த இடத்தில் உண்மையாகவே எதிரொலித்தது அன்றைக்கு அது ஒன்றுதான்.

மார்ச் 6, வியாழன். செவ்வாய்க்கிழமைக் குறிப்பைத் திருத்துகிறேன். ஒன்பது அடியை நான் தொலைக்கவில்லை. இரண்டடி சுவர் போக, ஏழடி அறையில் ஒரு மச்சான் உட்கார்ந்திருந்தார். கணக்கு இடித்தபோது நான் என்னையே நான்கு தடவை சந்தேகப்பட்டேன். சுவர் பேசியபோது இந்த ஊரில் ஒருவர்கூடச் சுவரை ஒரு தடவை சந்தேகப்படவில்லை. சந்தேகத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை. அதை நம் மேலும் பெற்ற பிள்ளை மேலும் செலவழித்துவிட்டு, ஏமாற்றுகிறவன் முன்னால் வெறுங்கையோடு நிற்கிறோம்.

நாளை: காலை ஏழு மணிக்கு அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். டாக்டர் சீட்டு, மாற்று உடை எடுத்து வைக்க வேண்டும். வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருக்கிறார்கள். போகிற வழியில் பாட்டில் தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட வேண்டும்.